புளி போட்டுத் தேய்த்த துண்டு

பளபளவென்று மின்னும் இரும்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆயுத பூசையன்று ஸ்பானரையும் சுத்தியலையும் தேய்த்துக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து அடுக்கியிருந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. இன்ஜினியர் ஐயாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று வேலையாட்கள் என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நான் சொல்லப்போவது முழுக்க அதனால் வந்த வினைதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பில், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் அங்கே போய்ச் சேர்ந்ததை யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். விடுதிக்குப் போன முதல் நாளே என் அறைத்தோழன், வடக்கிலிருந்து வந்தவன், என் தகரப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீர் எந்த இடம்?" என்று கேட்டான். சொன்னேன்.

"ஓ, தோட்டமோ. எங்கட வீட்டில வேலைக்கு நிக்கிற மனுசியும் உங்கட பக்கம்தான்" என்றான்.

அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சும்மா ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னான். அதனாலேயே அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு வாரத்துக்குள் விடுதியில் எனக்குத் 'தோட்டக்காட்டான்' என்று பெயர் நிலைத்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தச் சொல்லும்போதும் அந்தப் பெயர்தான். சிங்களப் பையன்களுக்கோ நான் இந்தியாக்காரன். இந்தியாவை நான் பள்ளிக்கூடத்து வரைபடத்தில் பார்த்ததோடு சரி.

மூன்றாம் வருடத்தில் உலோகங்களைப் பற்றிய பாடம் வந்தது. அதை நடத்தியவர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். அவர் என்னிடம் ஊர் கேட்கவில்லை. நல்ல மனதென்று நினைத்துவிடாதீர்கள், மாணவர்கள் யாருமே அவருக்கு ஒரு பொருட்டில்லை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் நீளமான மேசையொன்றில் உடைந்த சாமான்களாகப் பரப்பி வைத்திருப்பார். லொறி அச்சு, தண்டவாளத் துண்டு, சுருள்வில், பல் போன சக்கரம். முதல் நாள் அவர் சொன்னது மூன்றே மூன்று விஷயம். உடைந்த முகத்தைக் கையால் தொடாதே. அதைத் துடைக்காதே. இரண்டு பாதியையும் ஒட்டவைத்துப் பார்க்காதே.

ஏன் என்பதைப் பிறகு விளக்கினார். தாங்க முடியாத பாரம் ஒரே தடவையில் ஏறி உடைந்த இரும்பின் முகம் முழுக்க ஒரே நிறமாக, ஒரே மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் இரும்பு களைத்துப்போயும் உடையும். எங்கோ ஒரு மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்து, வேலை நடக்க நடக்க உள்ளே நகரும். நின்று நின்று நகர்ந்த இடமெல்லாம் பிறை பிறையாகக் கோடு விழும். பழைய வெடிப்பு கறுத்தோ துருவேறியோ கிடக்கும். கடைசியாகப் பிய்ந்த கொஞ்ச இடம் மட்டும் புதிதாக வெளிறியிருக்கும். வெடிப்பு எங்கே தொடங்கியது, உடைத்தது அன்றைய வேலையா பழைய கோளாறா என்பதெல்லாம் அந்த முகத்திலேயே இருக்கிறது, பார்க்கத் தெரிய வேண்டும் என்றார்.

அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் பொய்யில்லை. எங்கள் தோட்டத்தில் யந்திரம் உடைந்தால் இரும்பை யாரும் கேட்பதில்லை, பக்கத்தில் நின்றவனைத்தான் கேட்பார்கள். கேட்கிறதென்ன, அவன் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் அப்பா அப்படிப் பக்கத்தில் நிற்கிறவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் கொழுந்தை உருட்டி நசுக்குகிற ரோதையில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் வேலை செய்தார். மேலே ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி இறக்கினால் கொழுந்தின் மேல் அழுத்தம் கூடும், ஏற்றினால் குறையும். அந்தத் திருகுதான் அப்பாவின் வேலை. நின்று நின்று அவருக்கு ரோதையின் சத்தம் தூக்கத்தில்கூடப் பழக்கம். வீட்டில் எங்களோடு பேசியதைவிட அதனோடுதான் அதிகம் பேசியிருப்பார் என்று அம்மா சொல்லிக்காட்டுவாள்.

அந்த வருடம் நடுவில் அவருடைய கடிதம் வந்தது. கோணல்மாணலாக அவரே எழுதியது. 'ரோதையைச் சுழற்றுகிற இரும்புக் கை வேலை நேரத்தில் உடைந்துவிட்டது. யார் மேலும் படவில்லை. நான் அழுத்தத்தை அளவுக்கு மேல் கூட்டி உடைத்ததாக டீமேக்கர் ஐயா எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துரை இரண்டு வாரத்தில் விசாரணை வைக்கிறார். கையில் சத்தம் மாறுகிறது என்று நான் டீமேக்கர் ஐயாவிடம் இரண்டு தடவை சொன்னேன், கொழுந்து குவிந்து கிடக்கிறது, போய் வேலையைப் பார் என்றார். உடைந்ததில் பெரிய பாதியை அன்றைக்கே புது அத்திவாரத்துக் கொங்கிரீட்டில் போட்டு மூடிவிட்டார்கள். சின்னத் துண்டு என் கம்பளிக்குள் இருக்கிறது. நீ கவலைப்படாமல் படி.'

துரை தோட்டத்துக்கே ராசா என்றால், டீமேக்கர் என்பவர்தான் ஸ்டோருக்கு ராசா. பழுதை இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. அந்த மனிதனை நினைத்து நான் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன், பிறகு நானே எடுத்து நீவிவிட்டேன். அப்பாவை நிறுத்தினால் காம்பராவை, லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறையை, காலி செய்ய வேண்டும். வேலையிலிருந்து விலக்கும்போது தருகிற பற்றுச்சீட்டில் யந்திரத்தை உடைத்தவன் என்று எழுதிக் கொடுத்தால் வேறெந்த ஸ்டோரிலும் சேர்க்கமாட்டார்கள். பிரஜாவுரிமைக்கு அப்பா போட்டிருந்த மனுவும் அந்தத் தோட்டத்து விலாசத்தில்தான் கிடந்தது. அந்த உத்தியோகஸ்தர்கள் கூப்பிடும்போது ஆள் அங்கே இல்லாவிட்டால் அதுவும் போயிற்று.

நான் நேரே அந்த ஒல்லி மனிதரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பச்சைக் கொழுந்தின் சாறு இரும்பில் பட்டால் மை போலக் கறுத்துவிடும், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். வெடிப்பு பழையதென்றால் சாறு உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்திருக்கும், அன்று பிய்ந்த இடம் மட்டும் வெளிறியிருக்கும். அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொண்டு வா. நீ சொல்வது போல இருந்தால் நான் கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறேன்" என்றார். பல்கலைக்கழகத்துத் தாளில், இங்கிலீசில். அதைத் துரை தள்ளிவிட முடியாது.

அன்றைக்கே அப்பாவுக்கு எழுதிப் போட்டேன். என்ன எழுதினேன் என்பது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. 'உடைந்த துண்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம். பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் பேராசிரியர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கப்போகிறார். நான் வருகிறேன்.'

இவ்வளவுதான். தொடாதீர்கள், துடைக்காதீர்கள் என்று எழுதவில்லை. ஏன் எதற்கு என்று எழுதவில்லை. எழுதுவதற்கு இன்னும் அரைத்தாள் காலியாகவே இருந்தது. இதையெல்லாம் எழுதினால் அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் போய் இறங்கி, துண்டை எடுத்து, டீமேக்கர் முன்னால் வைத்து இங்கிலீசில் விளக்கும்போது அப்பா வாயைப் பிளந்து பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

பரீட்சையொன்று குறுக்கிட்டதால் விசாரணைக்கு மூன்று நாள் முன்னதாகத்தான் போக முடிந்தது. அட்டனில் ரயிலை விட்டு இறங்கி, டயகம பஸ் பிடித்து, மழையில் நனைந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். அடுத்த நாளே துண்டோடு கொழும்புக்குத் திரும்பி, பேராசிரியரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு விசாரணைக்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடிக்கவில்லை.

"துண்டு எங்கப்பா?" என்றேன்.

அப்பா வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். சாமி படத்துக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்தார். புதுச் சிவப்புத் துணியில் சுற்றியிருந்தது. பிரித்தார்.

உள்ளே இருந்தது வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. மேலே விபூதியில் மூன்று கோடு, நடுவில் குங்குமம். தேங்காயெண்ணெய் வாசம். உடைந்த முகத்தில் மேடில்லை, பள்ளமில்லை, கோடில்லை, கறுப்பில்லை. முகத்தையும் கூரான விளிம்புகளையும் கல்லில் உரசி மழுக்கியிருந்தது.

"யாரு தேய்ச்சது?" என்று கேட்டேன். 

"நாந்தான் தம்பி" என்றார் அப்பா. "பெரிய மனுசரு கையில எடுத்துப் பாப்பாருன்னு எழுதியிருந்தியே. கறுப்பும் எண்ணப் பிசுக்குமா எப்பிடிக் குடுக்கிறது? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு? ரோதமுனிக்கு முன்னால வச்சுச் சூடம் காட்டி எடுத்தாந்தேன்."

ரோதமுனி ஸ்டோர் யந்திரங்களைக் காக்கிற சாமி. அந்தச் சாமியைப் பற்றி நான் அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. வேலையின் அருமையைச் சொன்னால் நான் சமாதானமாகிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, "லேசுல போகல தம்பி" என்றார். "எண்ண ஊத்துற ஓட்டைகிட்ட ஆரம்பிச்சு முக்காவாசிக்கு மேல கன்னங்கரேல்னு பிடிச்சிருந்துச்சு. கொழுந்துச் சாத்துக் கறுப்பு. அதுல பெற பெறயா கோடு வேற, ஒன்னுக்குள்ள ஒன்னா. இந்த ஓரம் மட்டுந்தான் வெளுப்பா இருந்துச்சு. செங்கப்பொடி போட்டுப் பாத்தேன், போகல. அப்பறம் புளியக் கரைச்சு ரெண்டு நாளு ஊற வச்சேன்."

எண்ணெய் ஓட்டை, பிறை, கறுப்பு, வெளுப்பு. அந்த ஒல்லி மனிதர் மேசையில் வைத்துக் காட்டிய அத்தனையையும் என் அப்பா பார்த்திருக்கிறார். ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது வேறு ஏதாவது. வந்தது வெறி.

"ஒங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீங்க. என் தலையிலயும் போட்டுட்டீங்க" என்று கத்தினேன். "அந்தக் கறுப்புதான் சாட்சி. அதத்தான் அவரு பாக்கணும். புளி போட்டுக் கழுவிட்டு நிக்கிறீங்க. தோட்டக்காட்டான்னு சும்மாவா சொல்றாங்க?"

அந்த வார்த்தையை எனக்குச் சொன்னவர்களிடம் நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசியதில்லை. என் அப்பாவிடம் சொன்னேன். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே கூரை வரை சுவர் கிடையாது. பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது.

"ஏன்டா, படிச்சுட்டு வந்து பேசுற பேச்சாடா இது?" என்றாள் அம்மா. அப்பா அவளைப் பேசவேண்டாமென்று கையைக் காட்டினார். சிவப்புத் துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"எனக்குத் தெரியல தம்பி. நீ எழுதலையே" என்றார்.

அது நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. "எழுதினா மட்டும் கிழிச்சிருப்பீங்களா? விசாரணையில நீங்க வாயே தொறக்கக் கூடாது. எதக் கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு நில்லுங்க. நான் பேசிக்கிறேன்" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

கொழும்புக்குப் போய்ப் பயனில்லை. மூன்று நாளும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. துரை நாற்காலியில் இருந்தார். டீமேக்கர் பக்கத்தில் நின்றார். அப்பா படிக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு. நான் மேலே ஏறி, ஆய்வுக்கூடத்தில் படித்ததையெல்லாம் இங்கிலீசில் கொட்டினேன். வெடிப்பு, களைப்பு, சாறு, கறுப்பு. துரை துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ சொல்வது எதுவுமே இதில் இல்லையே என்றார்.

"கழுவிட்டான் சார்" என்றார் டீமேக்கர். "குத்தத்த மறைக்கத்தான் கழுவியிருக்கான். ஸ்டோர் சாமானக் கேக்காம எடுத்துட்டும் போயிருக்கான்."

அந்த ஆளின் சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருந்தது. அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் என் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, கழுவுவதற்கு முன்னால் அங்கே கறுப்பு இருந்ததை என் தகப்பனார் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று துரையிடம் சொன்னேன்.

துரையை நல்லவர் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் அன்று அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நாற்காலியில் முன்னால் குனிந்து, தோட்டத் தமிழில், அப்பாவைப் பார்த்தே கேட்டார்.

"நீ சொல்லு. கழுவுறதுக்கு முந்தி இதுல என்ன பாத்தது?"

டீமேக்கரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பா சொல்லிவிடுவாரோ என்று அந்த மனிதனுக்குப் பயம்.  சொல்லுங்கப்பா. எண்ணெய் ஓட்டை. பெற பெறயா கோடு. முக்காவாசிக் கறுப்பு. என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அப்படியொரு விவரத்தை, அந்தப் பாடத்தைப் படிக்காதவர் சொன்னால் அதைக் கட்டுக்கதை என்று யார் சொல்ல முடியும்? சந்தேகமாக இருந்தால் கொங்கிரீட்டை உடைத்து மற்றப் பாதியைப் பார்த்துவிடலாமே. துரைக்கு அது ஒரு சொல்லில் ஆகிற காரியம்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்கள் என்று. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க தொரை. நான் படிக்காத ஆளு. எனக்குப் பாக்கத் தெரியாது. எல்லாம் தம்பிக்குத்தான் தெரியும்."

"அப்பா, சொல்லுங்க" என்றேன், சத்தமாக.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மறுபடியும்.

டீமேக்கர் பல் தெரியச் சிரித்தார். துரை துண்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

மாத முடிவில் அப்பாவும் அம்மாவும் காம்பராவைக் காலி செய்தார்கள். டிக்கோயாப் பக்கத்தில் அம்மாவின் அண்ணன் இருந்த லயத்தில், ஏற்கெனவே ஏழு பேர் இருந்த காம்பராவில் போய் ஒட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு அங்கே ஸ்டோரில் இடமில்லை. பற்றுச்சீட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். மலையில் கானு, அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்ட விட்டார்கள், அதுவும் வேலை இருக்கிற நாளில். குடியுரிமை விசாரணைக்கு வந்த அழைப்புக் கடிதம் பழைய தோட்டத்தில் எந்த மேசையில் கிடந்து மக்கியதோ, எங்களுக்கு வந்து சேரவில்லை.

அடுத்த வருடப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. களைப்பினால் உடைந்த உலோகத்தின் முகத்தை வரைந்து விளக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பென்சிலை எடுத்து எண்ணெய் ஓட்டையை வரைந்தேன். அதிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பிறைகளை வரைந்தேன். முக்கால்வாசியைக் கறுப்பாகத் தீட்டினேன். ஓரத்தை மட்டும் வெள்ளையாக விட்டேன். கொழுந்துச் சாறு இரும்பில் பட்டு ஏன் கறுக்கிறது என்பதையும் எழுதினேன். சில நாள் கழித்து அந்த ஒல்லி மனிதர் நடைபாதையில் என்னை நிறுத்தி, வகுப்பிலேயே அதுதான் நல்ல விடை என்றார். "நேரில் பார்த்து வரைந்தது போலிருக்கிறது. எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, போய்விட்டார்.

அந்த விடுமுறைக்கு டிக்கோயா போனேன். அப்பா கானிலிருந்து வந்து, மண்ணாக இருந்த காலைக் கழுவிக்கொண்டு, என் எதிரே குந்தினார். சிவப்புத் துணிப் பொட்டலம் அங்கேயும் சாமி படத்துக்குக் கீழேதான் இருந்தது. என்னோடு பேசுவதற்கு அவருக்கு இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பரீச்ச நல்லா எழுதினியா தம்பி?"

"எழுதினேன்ப்பா."

"அந்த இரும்பு ஒடையிறதப் பத்தி ஏதும் கேட்டாங்களா?"

"இல்லப்பா" என்றேன். "கேக்கல."